கோடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாதா?

விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மறைத்து முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் காட்சிக் கருவி, வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "டேய், உள்ள போனா வேற உலகம்டா!" கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால் "அது பீரோ மேல கெடக்கு" என்கிறார்கள். வாங்காதவர்கள் வேறு கட்சி. பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கண்ணைக் கெடுக்கும், மனுஷனை மனுஷன் பார்க்கவிடாமல் செய்யும் என்பது அவர்கள் வாதம். இந்த இரண்டு கட்சியிலும் என்னால் நிலையாக உட்கார முடியவில்லை. மாட்டிக்கொண்டு பார்க்கும்போது எனக்கும் வாய் பிளக்கிறது. கழற்றி வைத்த பிறகு அதை மறுபடி எடுக்கக் கை போவதில்லை. நன்றாக இருக்கிற ஒரு பொருளை ஏன் எடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

துபாயில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நான் உச்சிப்புளியில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவன் என்பதால், குடும்பத்திலேயே இது எனக்குத்தான் உபயோகப்படும் என்று அவனுக்கு எண்ணம். அதன்பிறகு போனில் பேசும்போதெல்லாம் "தெனமும் போடுறியா?" என்று கேட்கிறான். பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். தினமும் போடுகிறேனா என்றால் என்ன சொல்வது? யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

வேலைக்கு உட்கார்ந்தபோது

முதலில் அவன் சொன்னபடியே வேலைக்குத்தான் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு சுவர் அகலத்துக்கு மூன்று திரைகளை நிறுத்தலாம் என்பது ஆசை காட்டுகிற விஷயம். நிறுத்தவும் முடிந்தது. ஆனால் எழுத்தைப் படிக்கிற வேலைக்கு அது சரிப்படவில்லை. நல்ல பார்வை உள்ள கண்ணுக்குப் பார்வைக் கோணத்தின் ஒவ்வொரு டிகிரியிலும் சுமார் 60 பிக்சல் இருந்தால்தான் எழுத்து கூர்மையாகத் தெரியும். இப்போது கடையில் கிடைக்கிற ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் தருகின்றன. படம் பார்க்க அது தாராளம். எழுத்துக்கு, அதிலும் தமிழ் எழுத்துக்கு, போதாது. சின்ன அளவில் ஒரு தமிழ் மின்னஞ்சலைத் திறந்தால் புள்ளி வைத்த எழுத்தா, வைக்காததா என்று கழுத்தை முன்னே நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

கழுத்து என்றதும் எடை ஞாபகம் வருகிறது. இன்றைய பிரபலமான மாடல்கள் அரைக் கிலோவும் அதற்கு மேலும் இருக்கின்றன. அதை நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்திக் கட்டிக்கொண்டு, சித்திரை மாதத்தில், கரண்ட் போய் மின்விசிறி நின்ற அறையில் உட்கார்ந்து பாருங்கள். முகம் வியர்த்து லென்ஸ் மங்கிவிடும். கண் எரியும். இதை வடிவமைத்தவர்கள் யாரும் உப்புக்காற்று அடிக்கிற ஊரில் குடியிருந்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, இதைக் கழற்றித் திண்ணையில் அப்படியே வைத்துவிட்டுப் போகக்கூடாது. வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். நம் ஊரில் வெயில் படாத திண்ணை எது?

ஆனால் இதெல்லாம் தொழில்நுட்பக் குறை. இன்றில்லாவிட்டால் இன்னும் சில வருஷத்தில் சரியாகிவிடும் என்பதால் இதை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. சரியாகாது என்று எனக்குத் தோன்றுவது வேறு. அது அம்மா சம்பந்தப்பட்டது.

எங்கள் வீட்டில் பகல் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மீன்காரம்மா வந்தால், "நெத்திலி வந்திருக்கு, வாங்கவாடா?" என்று அம்மா எட்டிப் பார்ப்பாள். மோட்டார் போட்டேனா, தண்ணி ஏறிடுச்சா, கேஸ் வந்துச்சா. வேலை நேரத்தில் இது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்த நாட்களில் இந்தக் கேள்விகள் சுத்தமாக நின்றுபோயின. நிம்மதியாக இருந்தது என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், அத்தை வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது ராத்திரிதான் தெரிந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு அம்மா, "நீ அதுக்குள்ள இருந்த" என்றாள். கதவு திறந்துதான் இருந்தது. இப்போதைய ஹெட்செட்டுகளில் கேமரா வழியாக வெளியே நடப்பதைப் பார்க்க முடியும், அம்மா வாசலில் நின்றால் எனக்குத் தெரியும் என்று விளக்கினேன். "ஒனக்குத் தெரியும். நீ பாக்குறியான்னு எனக்குத் தெரியுமா?" என்றாள்.

ஆப்பிள் கம்பெனிக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த விஷன் புரோவில், போட்டிருப்பவரின் கண்களை வெளியே இருப்பவர்களுக்குக் காட்டுவதற்கென்றே முன்பக்கம் தனியாக ஒரு திரை வைத்தார்கள். முகத்தை மூடிவிட்டு, மூடிய முகத்தின் படத்தை மேலே ஒட்டுகிற ஏற்பாடு. இவ்வளவு பணம் செலவழித்து அதைச் செய்தார்கள் என்றால், எதை மறைக்கிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நம் வீட்டில் போன் இந்த அளவுக்குப் புகுந்ததற்குக் காரணம், அதைப் பாதி வாக்கியத்தில் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைக்க எழுந்து போகலாம் என்பதுதான். தினப்படி உபயோகம் என்றால் முதல் தகுதி, இடையில் கீழே வைத்துவிட்டு எழ முடிவது. ஹெட்செட்டுக்கு அந்தத் தகுதி இல்லை. நேரம் ஒதுக்க வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களையும் ஒதுக்க வேண்டும்.

சின்னம்மாவின் கண்ணாடி

பாம்பன் பக்கம் இருக்கும் என் சின்னம்மா பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்கிற கடற்பாசிகளைக் கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து கையால் பறித்து வருவார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். நாம் தின்கிற ஐஸ்கிரீம் முதல் மாத்திரை வரை எதிலெல்லாமோ கெட்டியாக்குவதற்கு இவை போகின்றன. விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், காலுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் பை, முகத்தில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தண்ணீருக்குள் வெறும் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரியும். காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. தண்ணீரிலிருந்து நுழையும்போது, கருவிழிக்கும் தண்ணீருக்கும் ஒளிவிலகலில் பெரிய வித்தியாசம் இல்லாததால், அவ்வளவாக வளைவதில்லை. குவிய வேண்டிய இடத்தில் குவியாமல் போகிறது. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைத்தால் போதும், பார்வை திரும்பிவிடும். அந்தக் கண்ணாடி செய்வது அந்த ஒரு வேலையை மட்டும்தான். ஒரு கண்ணாடித் துண்டு, சுற்றிலும் ரப்பர், பின்னால் ஒரு பட்டை.

சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஹெட்செட்டை மாட்டிவிட்டு, பவளப்பாறைகளுக்கு நடுவே எடுத்த 360 டிகிரி காணொளி ஒன்றைப் போட்டேன். கூடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் சின்னம்மாவின் தோள் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று முகத்தை மேலே தூக்கி, ஹெட்செட்டை நெற்றிக்குத் தள்ளி, 'ஹா' என்று வாய் திறந்து மூச்சு வாங்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். யாரும் அடக்கச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் தண்ணீர் வந்ததும் நெஞ்சு தன் வேலையைத் தானே செய்திருக்கிறது. இந்தச் சாதனத்தின் சக்திக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தேவையில்லை. அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதும் விமர்சகர்களின் பக்கம் பக்கமான பாராட்டைவிட அந்த ஒரு மூச்சு எனக்குப் போதும்.

ஆனால் சின்னம்மாவுக்குப் போதவில்லை. லென்ஸில் ஆவி படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் எச்சில் துப்பித் தேய்க்கப் போனார். அவர்கள் கண்ணாடிக்கு அதுதான் வைத்தியம், புகை பிடிக்காது. நான் பாய்ந்து பிடுங்கினேன். அதற்கப்புறம் விமர்சனம் தொடங்கியது.

"தண்ணி இழுக்கவே இல்ல தம்பி. இப்படியா ஒரு கடலு இருக்கும்? மீனெல்லாம் நம்மளக் கண்டு ஒதுங்கவே மாட்டேங்குது."

அது படம்தான் சின்னம்மா என்றேன்.

"படம்னு தெரியுது. ஆனா கை ரெண்டும் சும்மா இருக்கே."

இதற்கு என்ன பதில்? அவர் கண்ணாடி, கை வேலை செய்யட்டும் என்பதற்காகக் கண்ணுக்கு உதவுகிறது. அதை நெற்றிக்குத் தள்ளிவிட்டால் பக்கத்தில் மிதப்பவரோடு பேச்சு. மறுபடி கீழே இழுத்துவிட்டால் முங்கல். எல்லாம் நொடியில் நடக்கும். கிளம்பும்போது சின்னம்மா கேட்டார்: "நேத்து ஒரே கலங்கலு. ஒண்ணும் தெரியல, திரும்பி வந்துட்டோம். நாளைக்குத் தெளிஞ்சிருக்குமான்னு இதுல பாக்கலாமா?" முடியாது என்று சொன்னேன். அவர்கள் பிழைப்பில் பார்க்க வேண்டியது என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

மாமாவும் எல்லைக் கோடும்

சின்னம்மாவின் கேள்வி எனக்கு ஒரு யோசனையைக் கிளப்பியது. முகத்தை மூடுகிற விஆர் வேண்டாம். ஏஆர் என்கிற மற்ற வகை இருக்கிறதே! எதையும் மறைக்காது. எதிரே இருக்கும் உலகத்தின் மேலேயே தேவையான தகவலைக் காட்டும். அப்படியென்றால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில் எல்லோரும் தினமும் தேடுகிற, ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எது? இலங்கைக்கும் நமக்கும் நடுவே ஓடும் சர்வதேசக் கடல் எல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு வாரம் பிடிபட்டோர் செய்தி வாசிக்கிற ஊரில் இதைவிட உபயோகமான சாதனம் வேறு என்ன இருக்க முடியும்? இந்த எண்ணத்தை நான் சில வாரங்கள் செல்லமாக வளர்த்தேன். எந்தக் கண்ணாடி, வெயிலில் கோடு தெரிய எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

இதை முதலில் சொன்னது என் தாய்மாமாவிடம். இப்போது நாட்டுப்படகில் பக்கத்துக் கடலுக்குப் போய் வருகிறார். முன்பு ராமேஸ்வரத்து விசைப்படகுகளில் வேலை பார்த்தவர். அவருக்கும் ஏற்கனவே ஹெட்செட்டைப் போட்டுக் காட்டியிருந்தேன். ராட்டினம் போல மேலும் கீழும் பாய்கிற ஒரு காட்சி. நினைவு தெரிந்த நாளிலிருந்து வாடைக் காற்றிலும் சோழகக் காற்றிலும் கடலில் கிடந்த மனிதர், கூடத்துத் தரையில் உட்கார்ந்தபடி குமட்டிக்கொண்டு எழுந்து ஓடினார். இதற்குக் காரணம் இருக்கிறது. கடலில் குமட்டுவது, ஆட்டத்தைக் காதின் உட்பகுதி உணர்ந்து, எதிரே இருக்கும் பலகை ஆடாததாகக் கண் சொல்வதால். ஹெட்செட்டில் இது தலைகீழ். கண் பாய்கிறது, காது நாம் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறது. படகுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு மாமா சொல்கிற வைத்தியம், "கரையப் பாரு, இல்லேன்னா தூரத்துல வானம் தொடுற இடத்தப் பாரு" என்பது. ஹெட்செட்டுக்குள் தெரிகிற வானமும் சேர்ந்தல்லவா பாய்கிறது? ஆகவே அந்தக் கருவியின் மேல் அவருக்கு ஏற்கனவே ஒரு கோபம் உண்டு.

நான் போனபோது கரையில் வலையைப் பிரித்துப்போட்டு அறுந்த கண்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோவில் பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 ஓடிக்கொண்டிருந்தது. மீனவர்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி அது. கை வலையில், கண் வலையில், காது மட்டும் ரேடியோவில்.

"மாமா, ஒரு கண்ணாடி. போட்டா கடல் மேலயே செவப்பாக் கோடு தெரியும். எல்லைக் கோடு. எப்படி இருக்கும்?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கோடு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனக்கிற, மாப்ளே?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"ஜிபிஎஸ்ல தெரியுது. இப்ப விசைப்படகுல ஒரு மெசின் வச்சிருக்காக, கிட்டப் போனாலே சொல்லுது. அது போக, ராத்திரில அந்தக் கரை வெளிச்சம் தெரியும். தெரியாமயா போறாக? மீனு அந்தப் பக்கம் கெடக்கு. கடன் இந்தப் பக்கம் கெடக்கு."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தெரியாமப் போறவனும் இருக்கான். மெசினு நின்னுபோயி நீவாட்டுல இழுத்துட்டுப் போவும். அப்ப ஒன் கோட்ட வச்சு என்ன செய்ய? கோட்டப் பாத்துக்கிட்டே போக வேண்டியதுதான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது என் சிவப்புக் கோடு பொடிப்பொடியாகிவிட்டது. அதை நினைத்து வருத்தப்பட்டேன் என்றும் சொல்ல முடியாது. எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தகவல் தெரியாததால்தான் மனிதர்கள் கஷ்டப்படுகிறார்கள், கண் முன்னால் காட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்பதுதான் இந்தக் கண்ணாடிகளின் பின்னால் இருக்கும் நம்பிக்கை. வடகடல் என்று நாங்கள் சொல்கிற பாக் நீரிணையில் நடப்பதற்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்களில் எல்லை வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு, கடலடியை வாரி இழுக்கிற இழுவலையைப் போடக்கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது, நாட்டுப்படகுக்காரர்களைக் காப்பாற்றுவதற்காக. அந்த மூன்று மைலுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே இருப்பது குறுகலான இடம், அதில் அத்தனை படகுகள். மறுகரையில் 2017-இல் இழுவலையையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், அவர்களுக்கும் அவர்கள் மீன் முக்கியம். மாமா போன்றவர்களே அந்த இழுவலையைத் திட்டுவார்கள், அதில் வேலை பார்த்த அனுபவத்தோடு. இந்தச் சிக்கலில் யாருக்காவது எதுவும் தெரியாமல் இருக்கிறதா? இல்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அதிலிருந்து இந்தச் சாதனங்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் என் மனசு ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. பார்க்க முடியாமல் இருப்பதா இங்கே குறை? ஆமாம் என்றால் கண்ணாடிக்கு வேலை இருக்கிறது. வேறு குறை என்றால், எவ்வளவு அழகாகக் காட்டினாலும் அது பீரோ மேலேதான் போகும்.

குறை இருக்கிற இடம்

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தத் துறையின் சரித்திரமே கொஞ்சம் தெளிகிறது. ஏஆர் என்ற பெயரே 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. டாம் காடெல் என்பவரும் அவருடைய சகாவும், பலகையில் ஆயிரக்கணக்கான ஒயர்களை வழி பிசகாமல் பதிக்க வேண்டிய தொழிலாளர்களுக்காக அதை யோசித்தார்கள். இரண்டு கையும் ஒயரில் இருக்கும், வரைபடத்தைப் புரட்டிப் பார்க்கக் கை இல்லை. அங்கே குறை, பார்ப்பதில் இருந்தது. கூகுள் 2013-இல் 1,500 டாலருக்கு விற்ற கிளாஸ் தெருவில் எடுபடவில்லை. 2015-இல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். அதே சாமான் தொழிற்சாலைகளுக்கென்று திரும்பி வந்து 2023 வரை ஓடியது. தெருவில் நடப்பவனுக்கு இல்லாத குறை தொழிற்சாலையில் நிற்பவனுக்கு இருந்தது, அவ்வளவுதான். அங்கேயும் அது நிலைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விஆர் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தீக்காய நோயாளிகளுக்குச் செய்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர் பனி உலகம் ஒன்றை உருவாக்கினார்கள். காயத்தைக் கழுவிக் கட்டும்போது நோயாளி அதற்குள் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். வலி உணர்வு குறைந்தது. இங்கே முகத்தை மூடுவதுதான் மருந்தே. என் அம்மாவுக்கு எரிச்சலாக இருந்த அதே மறைப்பு, அந்த அறையில் வரம். இதே வழியில் 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாள்பட்ட முதுகுவலிக்கு ஒரு விஆர் சிகிச்சைக்கு அனுமதியும் கொடுத்தது. அறுவை சிகிச்சை பழகுவது, தீயணைப்புப் பயிற்சி, உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்குச் சிகிச்சை என்று வேறு பலவும் இருக்கின்றன. இதில் பெரும்பாலானவை அன்றாடக் காரியம் இல்லை. அதனால் என்ன? ஸ்கேன் மெஷினை யாரும் வீட்டில் வாங்கி வைப்பதில்லை, அதற்காக அது உபயோகமில்லாதது ஆகிவிடாது. இந்த ஹெட்செட்டுகளை விற்பவர்கள் அவற்றை ஸ்கேன் மெஷின் போல விற்றிருந்தால் நமக்கு இவ்வளவு ஏமாற்றமே இருந்திருக்காது.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச் முன்னால் கண்ணாடியைப் போட்டால் 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய ஊர் எழுந்து நிற்கும்படி செய்யலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. செய்யலாம், நன்றாகவும் இருக்கும், டிக்கெட் போட்டால் வசூலும் ஆகும். வெளியூரிலிருந்து ஒரு நாள் வருகிறவர்களுக்கு அது. அங்கேயே குடிசை போட்டுத் தொழில் பார்க்கும் குடும்பங்கள் அந்தக் கண்ணாடியை எத்தனை தடவை மாட்டுவார்கள்?

சாருடைய சட்டைப் பை

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை வியாதியால் பார்வை பெருமளவு போய்விட்டது. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வாகனம் வருவது தெரியும், போர்டு தெரியாது. கண் ஆஸ்பத்திரிக்காக ராமநாதபுரம் போய்விட்டுத் தனியாகவே திரும்பி வருவார், யாரையும் தொந்தரவு செய்யப் பிடிக்காதவர். நான் ஏதோ கண்ணாடி வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, அது பஸ் போர்டப் படிக்குமா?"

மச்சான் கொடுத்தது படிக்காது. ஆனால் கேமரா வைத்த சாதாரண மூக்குக்கண்ணாடி வடிவத்தில் இப்போது வந்திருக்கிறது, எதிரே இருப்பதைக் கேட்டால் காதில் சொல்லும். அவற்றில் ஒன்றான ரேபான் மெட்டா 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 29,900 ரூபாய். விலையைச் சொன்னதும் சார் "அப்ப வேணாம்" என்று எழுந்துவிட்டார். உட்காரவைத்தேன். அந்தக் கண்ணாடி செய்வதில் அவருக்குத் தேவையான பகுதியைப் போனே செய்யும். போனில் இருக்கும் ஏஐ உதவியாளருக்குக் கேமராவைத் திறந்துவிட்டு, சட்டைப் பையில் கேமரா வெளியே தெரியும்படி போனைச் சொருகி, விழாமல் ஊக்கு குத்தி, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிவிட்டேன். இன்னொரு காது ஹாரனுக்கு.

இரண்டு பேரும் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். அது படித்தது. எப்போதும் இல்லை. பஸ் வேகமாகத் திரும்பினால் தடுமாறியது, வெயில் எதிரே அடித்தால் தடுமாறியது. ஆனால் வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் பெரும்பாலும் படித்துவிட்டது. எனக்கு வேறு கவலை. நம் ஊர் போர்டுகளில் மதுரை, இராமேஸ்வரம் என்று இரண்டு முனையும் போட்டிருக்கும். பஸ் எந்தப் பக்கம் போகப் போகிறது என்பதைப் போர்டைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதையும் கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது செய்யலாமா என்று நான் யோசனையை ஆரம்பித்தேன், சிவப்புக் கோட்டை வளர்த்த அதே உற்சாகத்தோடு.

சார் கையமர்த்தினார். "அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு கண்டக்டரக் கேட்டுக்குவேன் தம்பி. எந்தக் கண்டக்டரக் கேக்கணும்ங்கிறதுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு."

இப்போது தனியாகத்தான் போய் வருகிறார். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று ஒரு புகார். பை ஆழமாக இருப்பதால் நடக்க நடக்கப் போன் உள்ளே இறங்கிக் கேமரா மறைந்துவிடுகிறது என்று இன்னொரு புகார். முதலாவதற்கு ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவதற்கு அவர் என்னைக் கேட்கவில்லை. டெய்லரிடம் கொடுத்து, இருக்கிற எல்லாச் சட்டைக்கும் பையின் அடியை மேலே ஏற்றித் தைத்துக்கொண்டு வந்துவிட்டார்.